கோட்டுப் பையில் உருளைக்கிழங்கு

முதியோர் இல்லத்தில் நீங்கள் இறந்துவிட்டீர்கள். இன்று காலை உங்கள் மகன் கடைக்கு வந்து சொன்னான். உங்கள் கோட்டுப் பையில் கிடந்ததென்று ஓர் உருளைக்கிழங்கை என் கல்லாப்பெட்டிப் பக்கத்தில் வைத்தான். சுருங்கிக் கறுத்து, கல் போல இறுகியிருந்தது. "அம்மாவுக்குக் கடைசியில புத்தி பிசகிடுச்சா?" என்றான். தெரியாது என்றேன்.

தொண்ணூற்றைந்தில் அமெரிக்காவுக்கு வந்து பார்சிப்பனியில் நான் மளிகைக்கடை போட்ட கட்டடம் உங்களுடையது. பெருங்காய நாற்றம் மாடிவரை வருகிறது, மாதக் கடைசியில் காலி செய் என்றீர்கள். ஊரில் நிலத்தை விற்ற பணம் முழுக்க என் கடை அலமாரிகளில் சரக்காக இருந்தது. கெஞ்சினேன். நீங்கள் இஞ்சிக் கூடையைப் பார்த்து, "என் விரலை எப்போ வெட்டி விக்க ஆரம்பிச்சே?" என்று கேட்டுவிட்டுப் போனீர்கள். மூட்டுவாதத்தில் உங்கள் விரல்கள் அப்படித்தான் கோணியிருந்தன.

மறுவாரம் என் மனைவி காதோரம் வந்தாள். "ஏங்க, உங்க ஹவுஸ் ஓனர் உருளைக்கிழங்கை பாக்கெட்ல போடுது."

"நல்லாப் பாத்தியா?"

"போய்க் கையைப் பிடிங்க. அப்புறம் நம்மள காலி பண்ணச் சொல்லட்டும்."

பிடித்தேன். வலிக்கும் என்று தெரிந்தே இறுக்கினேன். சனிக்கிழமைக் கூட்டம் பார்க்க, போலீஸைக் கூப்பிடவா என்று உரக்கக் கேட்டேன்.

நீங்கள் வெட்கப்படவில்லை, எரிச்சல்தான் பட்டீர்கள். அயர்லாந்தில் உங்கள் ஊர்க்காரர்கள் மூட்டுவலிக்குக் கிழங்கைப் பையில் வைத்துக்கொள்வார்களாம். அது காய்ந்து இறுக இறுக வலியை இழுத்துக்கொள்ளுமாம். ஆனால் திருடிய கிழங்காக இருக்க வேண்டும்.

"ஒரு கூடையே தர்றேன்" என்றேன்.

"முட்டாளே, கொடுத்தா வேலை செய்யாது. நீ பாத்துட்டே, இதுவும் போச்சு" என்று கிழங்கைக் கூடையில் எறிந்தீர்கள்.

வலியில் இருப்பவரிடம் பேரம் பேசுவது சுலபம். அங்கேயே பேசி முடித்தேன். பேனா பிடிக்க முடியாத கையில் பேனாவைத் திணித்துக் கையெழுத்து வாங்கினேன். இன்றுவரை வருத்தமில்லை, என் இடத்தில் நீங்களும் அதையே செய்திருப்பீர்கள்.

வைத்தியம் பலிக்கவில்லை. கடைசியாக நீங்கள் கடைக்கு வந்த அன்று, என் முதுகுக்குப் பின்னால் கிழங்கு நழுவித் தரையில் உருளும் சத்தம் கேட்டது. குனிய முடியாமல் முனகினீர்கள். நான் திரும்பவில்லை. "எடுத்துக் குடுத்தா என்னங்க குறைஞ்சிடும்?" என்று மனைவி பிறகு திட்டினாள். எடுத்துக் கொடுத்தால் வேலை செய்யாதே.

இன்று காலை கிளம்பும்போது உங்கள் மகன் அந்தக் கிழங்கை மறுபடி எடுத்து, குப்பையில் போடச் சொல்லி நீட்டினான். வாங்கவில்லை, அங்கேயே வைக்கச் சொன்னேன். அவன் கதவுப் பக்கம் திரும்பியதும் என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். எனக்கும் இப்போது முழங்கால் வலிக்கிறது.

நாம் பேசி முடித்தது இதுதான்: மூன்று வருடம், அதே வாடகை, பெருங்காயத்தைப் பற்றிப் பேச்சில்லை, நீங்கள் கிழங்குக் கூடைப் பக்கம் வந்தால் நான் முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.