ஐந்தாம் பாரத்து நாடகம்

செப். 2, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. காலடிப்பேட்டைத் தெருவில் முழங்கால் தண்ணீர். ரயில் தாமதம். ராயபுரத்தில் இறங்கும்போது வேட்டியெல்லாம் சேறு.

பள்ளிக் கமிட்டியில் யோசிக்கிறார்களாம், என் ஐந்தாம் பாரத்து வகுப்புக்கு நாடகப் பாடம் வேண்டுமா என்று. தலைமையாசிரியர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஹார்பர் கூலிக்காரன் பிள்ளைகள் ஓய். முந்நூறு வருஷத்துக்கு முந்தின சீமை ராஜா கதை இவர்களுக்கு எதற்கு? ஒழுங்காக ஒரு கடிதம் எழுதத் தெரிந்தால் எங்கேயாவது குமாஸ்தா ஆவான்."

"குமாஸ்தாவுக்கும் ஒரு நாள் வாய் திறக்க வேண்டி வரும்" என்றேன். சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சுக்கு, கமலத்துக்கு எலுமிச்சம்பழம். ஏழாம் மாதம். இன்னும் வாந்தி நிற்கவில்லை.

செப். 4, புதன்

வெயில், புழுக்கம். மூன்றாம் அங்கம் நடத்தினேன். ஊரில் பஞ்சம், அரசன் நெற்களஞ்சியத்தைப் பூட்டி வைக்கிறான். அரண்மனை வாயிற்காவலன் சபைக்குள் நுழைந்து எல்லார் முன்னிலையிலும் அவனைக் கேள்வி கேட்கிறான். நாடகத்தின் உயிரே அந்த இடம்தான். வகுப்பு தூங்கி வழிந்தது. ஆத்திரம். புத்தகத்தை மூடச் சொன்னேன். "காவலன் உங்கள் தெருக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்படிக் கேட்பான்? சொல்லுங்கள்."

கடைசி பெஞ்சிலிருந்து ஏகாம்பரம் எழுந்தான். பதினாறு வயது, ஒல்லி. தகப்பன் முனுசாமி கப்பலுக்குக் கரிக்கூடை சுமக்கிறவன்.

"இன்னா ராசா, கதவ நான் காத்துகினு கீறேன். உள்ள கீற நெல்லு எம்புள்ளைக்கு இல்லன்னா, நான் யாருக்குக் காவலு?"

சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எத்தனையோ வருஷமாக நடத்துகிற அங்கம். இன்றுதான் காதில் விழுந்தது.

வீட்டில் கமலத்திடம் சொன்னேன். "மேலிடத்தில் யார் காதிலாவது விழப்போகிறது" என்றாள். பயந்தவள்.

செப். 10, செவ்வாய்

துறைமுகத்தில் ஒரு சாவு. கரி ஏற்றும் பலகை வழுக்கி ஒருவன் கப்பலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்துவிட்டான். உடலை எடுக்கும்வரைகூட மேஸ்திரி வேலையை நிறுத்தவில்லையாம். இன்று கரிக்கூலிகள் ஒருவரும் போகவில்லை. ரயிலில் இரண்டு பேர் பேச்சு:

"மேஸ்திரி இன்னா சொல்றான்?"

"செத்தவன் போய்ட்டான், கப்பலு நிக்குமான்றான்."

வகுப்பில் பாதிப் பேர் இல்லை. ஏகாம்பரமும் இல்லை.

செப். 13, வெள்ளி



நேற்று மாலை கடற்கரை மணலில் கூலிக்காரர்கள் கூட்டம். ஏகாம்பரம் எழுந்து நாடகம் போட்டானாம். அரசனை மேஸ்திரி ஆக்கிவிட்டான். களஞ்சியம் கரிக்கிடங்கு ஆயிற்று. காவலனாக இவனே நின்று கேட்டானாம். ஜனங்கள் மறுபடி மறுபடி சொல்லச் சொன்னார்களாம். அவன் பெஞ்சுக்காரப் பையன் சொன்னான்.

இன்று காலை பள்ளிக்கு வரும் வழியில் மேஸ்திரியின் ஆட்கள் அவனை மறித்து அடித்துவிட்டார்கள். கரி வாரும் மண்வெட்டியின் பிடியால். தலையில்.

செப். 14, சனி

ஆஸ்பத்திரி. பினாயில் நெடி. ஏகாம்பரத்துக்குத் தலைமுழுக்கக் கட்டு. பிழைத்துக்கொள்வான், இடது காது போய்விட்டது, வலது காதும் சந்தேகம் என்றார் டாக்டர். கண்ணைத் திறந்தான். என்னைத் தெரிந்ததா, தெரியவில்லை.

முனுசாமி கட்டிலுக்குக் கீழே தரையில். எழுந்து நின்று கும்பிட்டான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அய்யா, பள்ளியோடத்துல இன்னா சொல்லிக் குடுத்தீங்கோ எம்புள்ளைக்கு?"

"பாடந்தான் முனுசாமி. சர்க்கார் வைத்த பாடம்."

"அதுல பேசுனவன ராசா அடிச்சானா?"

நாங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்றேன். அவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

செப். 16, திங்கள்

தூறல். கமிட்டி முன் நின்றேன். மூன்று பேர், காபி, வெற்றிலை. போன வாரம்வரை நாடகம் வீண் என்றவர்கள், இன்று ஆபத்து என்கிறார்கள். தலைமையாசிரியர் முன்பே தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார்: "புத்தகத்தில் உள்ளதை மட்டும் நடத்தினேன், பையன் தானாகச் செய்தான் என்று சொல்லிவிடும். உமக்கு ஒன்றும் வராது. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி வேறு."

உள்ளே போகும்வரை அப்படித்தான் சொல்ல நினைத்தேன். நிஜமாக. ஆனால் கேட்டபோது வாயில் வந்தது: "அவரவர் பேச்சில் சொல்லச் சொன்னது நான். வகுப்பிலேயே நன்றாகச் சொன்னவன் அவன்."

ஒருவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் சொல்லச் சொன்னீர்?"

"புரியவேண்டும் என்று."

"புரிந்ததல்லவா?" என்றார். அதற்கு மேல் கேள்வி இல்லை.

கமலம் அழவில்லை. சோறு போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செப். 23, திங்கள்

முடிவு வந்தது. பதிவேட்டில் ஏகாம்பரத்தின் பெயரை அடித்துவிட்டார்கள். நாடகம் இந்த வருஷத்தோடு அல்ல, இன்றோடு நின்றது. பதிலுக்குக் கடிதப் பயிற்சி. எனக்கு இனி முதல் பாரம் மட்டும், தை வரை. பிறகு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரிக்கூலிகள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அதே மேஸ்திரி. அதே பலகை.

நாடகம் பையன்களுக்கு வேண்டும் என்று எத்தனை முறை வாதாடினேன். இன்றைக்கும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்தக் காதை நினைத்தால் வேண்டும் என்றும் வரவில்லை.

செப். 29, ஞாயிறு

மேகம், காற்று இல்லை. பகலில் வாசலில் ஏகாம்பரம். ராயபுரத்திலிருந்து நடந்தே வந்திருக்கிறான். கட்டு அவிழ்த்தாயிற்று, மயிர் மழித்த இடத்தில் தையல். கமலம் மோர் கொடுத்தாள், குடித்தான்.

நாளையிலிருந்து அப்பனோடு கரிக்கூடைக்குப் போகிறானாம். மேஸ்திரி காலில் விழுந்து முனுசாமி வாங்கிய வேலை.

"கத முடியல சார். அந்தக் காவக்காரன் இன்னா ஆனான்?"

மெல்லச் சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. வலது காதை என் பக்கம் திருப்பினான். மறுபடி சொன்னேன். அதுவும் எட்டவில்லை. எதிர்வீட்டார் எட்டிப் பார்க்கும்படி கத்த வேண்டியதாயிற்று: "கொன்றுவிடுகிறார்கள்."

தலையாட்டினான்.

"ராசா?"

"கடைசியில் அழுகிறான். தப்பு செய்துவிட்டேன் என்று சபை நடுவில் அழுகிறான்."

ஏகாம்பரம் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அளுதானா? அப்ப அது நாடகந்தான் சார்."