குண்டுமல்லிக்கு வைத்தியம் பார்த்த போலி டாக்டர்

அனுப்புநர்:
முனைவர் தே. கலியமூர்த்தி,
தாவர நோயியல் பேராசிரியர், துணைவேந்தர் (இரண்டும் ஓய்வு),
ஏரிக்கரைத் தெரு, கோவில்பதாகை, ஆவடி.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவ நலப் பணிகள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: போலி மருத்துவர் என்று என்மீது பதிந்த குற்றச்சாட்டை நீக்கவும், கைப்பற்றிய பூஞ்சைத் தட்டுகளை உயிருடன் திருப்பித் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மனிதர்களுக்கு மருத்துவன் அல்லன். ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. நெல்லின் குலைநோயை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவன். எலுமிச்சைச் சொறி, பயறு தேமல், வாழை வாடல் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரப்புகளில் குனிந்தே நடந்ததில் என் முதுகு இன்றும் முழுதாக நிமிர்வதில்லை. பிறகு வெளிமாநில வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒன்றில் துணைவேந்தர் ஆனேன். அந்தப் பதவிக்காலத்தில் நான் கையால் தொட்ட இலைகள், எனக்குப் போட்ட மாலைகளில் இருந்தவை மட்டுமே. மற்ற நேரமெல்லாம் விடுதிச் சாம்பாரில் பருப்பைக் காணோம் என்ற போராட்டத்திலும், இரு துறைத் தலைவர்களில் யாருடைய நாற்காலி உயரமானது என்ற வழக்கிலும் கழிந்தது. ஓய்வுபெற்றுச் சொந்த ஊருக்கு வந்ததும், இனி செடிகொடிகளைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

2. வாசலில் மாட்டுவதற்கு மண்ணூர்பேட்டை அஜித்குமார் என்ற ஓவியரிடம் ஒரு பெயர்ப்பலகை எழுதக் கொடுத்தேன். அவர் எழுதிக்கொண்டு வந்ததில் 'டாக்டர் கலியமூர்த்தி, நோயியல் வல்லுநர்' என்று மட்டும் இருந்தது. "தாவரம் எங்கே?" என்று கேட்டேன். "போர்டு சிறுசு சார். அதை உட்டாதான் உங்க பேரு பெருசா வரும். ரோட்டுல போறவனுக்குக் கூட தெரியும் பாரு" என்றார். தெரிந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே ஒருவர் சிறுநீர்ப் புட்டியோடு வந்து, "ரிசல்ட் எப்ப சார் வரும்?" என்றார். அவரையும் அவருக்குப் பின் வந்த அனைவரையும் வணங்கித் திருப்பி அனுப்பினேன். ஒருவர் நாக்கைக்கூட நான் பார்த்ததில்லை.

3. என் தெருவில் வேம்புலியம்மாள் என்ற பூக்காரம்மா இருக்கிறார். தம் வீட்டின் பின்புறக் காலிமனையில் குண்டுமல்லி வளர்த்து, தொடுத்து, ஆவடி மார்க்கெட்டில் விற்பவர். அந்தச் செடிகளுக்கு வேரழுகல் கண்டது. சென்று பார்த்தேன். உரக்கடையில் விற்கும் பூஞ்சைக்கொல்லித் தூள் இந்த ஏரிமண்ணில் நோயைத் தள்ளிப்போடுமே தவிர தீர்க்காது. ஆனால் அதே தோட்டத்தில் ஒரு மூலையில் நான்கு செடிகள் மட்டும் நோய் தொடாமல் நின்றன. அவற்றின் வேர்மண்ணிலிருந்து, அழுகலைத் தின்று அழிக்கும் நல்ல பூஞ்சை ஒன்றைப் பிரித்தெடுத்து வீட்டில் கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து வந்தேன். இத்தனை ஆண்டு ஆராய்ச்சியில் இப்படியொரு பூஞ்சையை நான் கண்டதில்லை. அது பெருகும் வரை நோய் பரவாமலிருக்க ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதன் வாசகம் வருமாறு: 'வேம்புலியம்மாள். கீழ்ப்பகுதியில் அழுகல், வெளிறல், சோர்வு. அழுகிய பாகங்களை வெட்டித் தீயிடவும். பிழைக்காதவற்றைப் பிடுங்கி அப்புறப்படுத்தவும். மருந்தை வாளியில் கரைத்து மேலிருந்து ஊற்றவும்.'

4. அந்த அம்மா சீட்டை உரக்கடைக்குக் கொண்டுபோகவில்லை. தெருமுனை மருந்துக்கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் நிர்மல் தங்கள் அலுவலகத்தில் கொடுத்த வாக்குமூலத்தின்படி, அங்கே நடந்த உரையாடல் இது. "உனக்கு இன்னாம்மா ஆச்சு?" "பின்னாடி பூரா அயுகிப்பூச்சு நைனா. டாக்டரு வந்து குனிஞ்சு பாத்தாரு. வெட்டிப் போட்டு கொளுத்திடுன்னுட்டாரு." நிர்மல் உடனே தொலைபேசியை எடுத்தார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

5. தங்கள் ஆய்வுக் குழு ஒரு காவலருடன் என் வீட்டுக்கு வந்தது. என்னென்ன நோய் பார்ப்பீர்கள் என்று குழுத் தலைவர் கேட்டார். ஓய்வுபெற்ற நாளிலிருந்து யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. மகிழ்ச்சியில், சொறி, தேமல், வாடல், அழுகல் என்று விரிவாகவே சொன்னேன். நோய் முற்றிவிட்டால் என்ன செய்வீர்கள் என்றார். "அக்கம்பக்கத்துக்குப் பரவுவதற்குள் அங்கேயே குழிதோண்டிப் புதைத்துவிடச் சொல்வேன்" என்றேன். காவலர் எழுந்து நின்றார். நுண்ணோக்கியும் தட்டுகளும் கைப்பற்றப்பட்டன. தட்டுகள் 'அடையாளம் தெரியாத பச்சைக் கிருமிகள்' என்று பதிவாயின.

6. அப்போது என் மனைவி ரேணுகா உள்ளிருந்து வந்து அளித்த சாட்சியம்தான் என்னைக் காப்பாற்றியது. "யோவ், இவரா டாக்டரு? எனக்கு ஜுரம் அடிச்சா இன்னான்னு கேக்க மாட்டாரு. ரோஜாச்செடி வாடிச்சின்னா சோறு துன்ன மாட்டாரு. இந்த மனுசன் செடிக்குத்தான்யா வைத்தியம் பாக்கறாரு!" எனக்கு ஆதரவான சாட்சியம் என்பதால் அதன் முற்பகுதியை நான் மறுக்கவில்லை.

7. குழுத் தலைவருக்கு விஷயம் விளங்கியது. ஆனால் பதிவேட்டில் எழுதியதைக் கிழிக்கவோ கைப்பற்றியதைத் திருப்பித் தரவோ தம்மால் இயலாது, மேலிடத்தில் மனுச் செய்யுங்கள் என்றார். கூடவே, 'எவ்வுயிர்க்கும் மருத்துவ ஆலோசனை வழங்கமாட்டேன்' என்ற உறுதிமொழியில் கையொப்பம் வாங்கினார். ஜீப்பில் ஏறப்போனவர் திரும்பி வந்து, வானகரத்தில் உள்ள தம் வீட்டுத் தென்னையின் குருத்து சாய்வதாகவும் என்ன செய்யலாம் என்றும் தணிந்த குரலில் கேட்டார். அது குருத்தழுகல். எனக்குத் தெரியும். ஆனால் தென்னையும் ஓர் உயிர். மை காயாத கையோடு நான் வாய்திறக்கவில்லை. அவர் தவறாக எடுத்துக்கொண்டிருக்கக்கூடும்.

8. அன்று முதல் உறுதிமொழியைக் காத்து வருகிறேன். வேம்புலியம்மாள் தினமும் வாடிய செடியொன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் வாசற்கதவருகே நிற்கிறார். "நீ பேசவே வோணாம் டாக்டரே. நான் காட்டிகினே இருக்கேன், நீ தலைய மட்டும் ஆட்டு" என்கிறார். தலையாட்டுவது மருத்துவ ஆலோசனை ஆகுமா என்பதைத் தாங்கள் தெளிவுபடுத்த வேண்டும். நேற்று அவர் எதுவும் கேட்கவில்லை. "பாதித் தோட்டம் பூட்ச்சு. நீயும் இன்னா பண்ணுவ" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். முகூர்த்தக் காலம் தொடங்கிவிட்டது. அவர் கூடையில் இப்போது இருப்பது வெளியே வாங்கிய பூ.

9. தட்டுகள் தங்கள் அலுவலக அலமாரியில் இருப்பதாக அறிகிறேன். இந்த வெயிலில் அவை அதிக நாள் தாங்கா. எடுத்துக்கொண்டு போனவற்றைத் தவிர என்னிடம் வேறு தட்டு இல்லை. வேர்மண்ணுக்காக நான் தோண்டியெடுத்த அந்த நான்கு செடிகளும் இப்போது உயிருடன் இல்லை. அருள்கூர்ந்து அலமாரியை ஜன்னலிலிருந்து நகர்த்தச் சொல்லுங்கள். யாராவது தட்டைத் திறந்துவிட்டால் தேங்காய் மணம் வீசும். அஞ்ச வேண்டாம், அதன் இயல்பு அது.

10. இம்மனுவை எழுதத் தொடங்கியபோது, என் பெயருக்கு நேர்ந்த களங்கத்தைத் துடைப்பதே முதல் கோரிக்கையாக இருந்தது. இங்கே வந்து சேர்வதற்குள் மனம் மாறிவிட்டது. களங்கம் நீக்க விசாரணை, கோப்பு, மேலொப்பம் எல்லாம் வேண்டும் என்பதை நிர்வாகத்தில் இருந்தவன் அறிவேன். அது ஆகும்போது ஆகட்டும். அதுவரை பதிவேட்டில் நான் போலி டாக்டராகவே இருந்துவிட்டுப் போகிறேன். தட்டுகளை மட்டும் இந்த வெள்ளிக்கிழமைக்குள் விடுவியுங்கள். நான் வந்து பெறுவது விதிக்கு முரண் எனில் வேம்புலியம்மாளிடமே கொடுத்தனுப்பலாம். மண்ணில் எப்படிக் கலப்பது என்று அவருக்குச் சொல்ல, எனக்கு ஒரே ஒரு நாள் வாய்திறக்க அனுமதி தந்தால் போதும்.

இடம்: கோவில்பதாகை
நாள்: 07.04.2025

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தே. கலியமூர்த்தி