எழுபது கிரெய்ன் மருந்தும் தலையணை உறையும்

பைப்லைன் முகாம்,
மொன்டானா.

அன்புள்ள ஓரின்,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நாயைக் கட்டிலில் ஏற விடுவதில்லை என்று மட்டும் பொய் எழுத வேண்டாம்.

அடுத்த வாரம் இங்கே மான் சீசன் திறக்கிறது. குழல் வாய்வழியே வெடிமருந்து போட்டு இடிக்கும் துப்பாக்கிக்கு மட்டும்தான் அனுமதி. அதனால் ஞாயிறன்று முகாம் ஆட்களோடு குறி பழகப் போனேன். நீங்கள் வார்த்துக் கொடுத்த ஈய உருண்டையைப் பார்த்ததும் வெல்டர் டெல்மருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னக்கா, கோலி விளையாட வந்தீங்களா? நூத்திப்பத்து கிரெய்ன் மருந்து போடுங்க, அப்பதான் அது துப்பாக்கி!"

ரோஷத்தில் அவ்வளவும் போட்டுச் சுட்டுவிட்டேன். துப்பாக்கிக் கட்டை பின்னால் உதைத்துக் கன்னத்தில் அறைந்தது. குண்டைச் சுற்றியிருந்த துணி கருகிப் பறந்தது. குண்டு எங்கே போனதோ, தெரியாது. லேசான வீக்கம்தான், சூப் தாராளமாகக் குடிக்க முடிகிறது.

பிறகு நீங்கள் சொன்ன எழுபதுக்கே திரும்பினேன். குறிக் காகிதத்தின் நடுப்புள்ளி கிழிந்தது.

"இந்த அளவ யாருக்கா சொல்லிக் குடுத்தது?" என்றான் டெல்மர்.

"வீட்ல ஒருத்தர் இருக்கார்" என்றேன். அடுத்த குண்டுக்குத் துணி வெட்டினேன்.

வேலைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. குண்டு சுற்றும் துணி தீர்ந்துவிட்டது. அலமாரியில் இருக்கும் கோடு போட்ட தலையணை உறையைக் கஞ்சி போகத் துவைத்து அனுப்புங்கள். கூடவே நீங்கள் தலைவைத்துப் படுக்கும் உறையும் வேண்டும். அதைத் துவைக்க வேண்டாம். அதை வெட்ட மாட்டேன்.

உங்கள்
வெர்னா