மதியச் சொட்டு

மார்ச் 3, ஞாயிறு

நோன்புக்கு ஒன்பது நாள். எங்கள் கைரவான் ஊரில் நோன்புக்கு முன் வெள்ளையடிக்காத வீடு வீடா? எழுபத்தோரு வயதில் நானே ஏணியில் ஏறி முற்றத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கீழே நின்ற நாத்தனார் சல்லூஹா, "மதினி, விழுந்தா தூக்குறதுக்கு இந்த வீட்டுல ஆம்பள இல்ல" என்றாள். "நீ ஒருத்தி ரெண்டு ஆம்பளைக்குச் சமம்" என்றேன்.

படுக்கையறை வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை, இடுப்பு உயரத்தில் ஒரு கறை. அதற்கு மட்டும் இரண்டு பூச்சு.

மார்ச் 4

காய்ந்ததும் கறை மேலே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஹாதியின் கை அது. பார்வை போன ஐந்து வருஷமும் இந்தச் சுவரைத் தடவித்தான் நடந்தார். அவர் மௌத்தாகி மூன்று வருஷம் ஆகிறது. சுண்ணாம்பு மட்டமா, என் கை மட்டமா?

மார்ச் 6, புதன்

சல்லூஹாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அண்ணனுக்கு வந்த அதே கண் அழுத்த நோய். ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் தின்றுகொண்டு வரும். தின்றதைத் திருப்பித் தராது. வலது கண்ணில் ஓரம் போய்விட்டதாம். மிச்சத்தைக் காக்கச் சொட்டு மருந்து, மூன்று வேளை, ஒரு நாளும் விடாமல்.

என் பேத்தி இனேஸ் அங்கே நர்ஸ். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி! வரிசையில் இருந்த எல்லோரிடமும் சொன்னேன். அவள்தான் செய்து காட்டினாள்: "சொட்டு விட்டதும் கண்ணை மூடிட்டு, மூக்குப் பக்கத்துக் கண் முனையை விரலால ரெண்டு நிமிஷம் அழுத்திக்கோங்க. கசப்பு தொண்டைக்கு இறங்காது."

ஒரு விரல். இரண்டு நிமிஷம்.



மார்ச் 10

சல்லூஹாவுக்குக் கை நடுங்கும், நான்தான் போட்டுவிடுகிறேன். இன்று சொன்னாள்: "நோன்புல மதியச் சொட்டு வேண்டாம் மதினி. விரல் வெச்சாலும் எனக்குச் சந்தேகம். ஒரு மாசம்தானே."

ஒரு மாசம்தானே. பதினோரு வருஷத்துக்கு முன் இதே முற்றத்தில் நான் சொன்ன வார்த்தை.

இமாமிடம் போய்க் கேட்டு வந்தேன். கண்ணில் விடும் சொட்டால் நோன்பு முறியாது என்றார். அவளிடம் சொன்னால், "இமாம் நாக்குலயா கசக்குது?" என்கிறாள்.

மார்ச் 11, திங்கள்

எழுத வேண்டும். எழுதிவிடுகிறேன்.

சல்லூஹா கஞ்சிக்குக் கோதுமை பொறுக்கிக்கொண்டிருந்தாள். மறுபடி மருந்துப் பேச்சை எடுத்தேன். "அண்ணன் மறதில விட்டாரு, கண்ணு போச்சு. நான் தெரிஞ்சு, அல்லாஹ்வுக்காக விடுறேன். ரெண்டும் ஒண்ணா?" என்றாள்.

ஹாதி மறக்கவில்லை. "தொண்டைல மருந்து இறங்கினா அது என்ன நோன்பு?" என்று கேட்டு நான்தான் நிறுத்தினேன். மூன்று வேளை போட்டால் இருபது நாளில் தீரும் புட்டி, பெருநாள் முடிந்தும் குலுக்கினால் சத்தம் கேட்டது. மிச்சம் பிடித்தேன் என்று பெருமை வேறு! நிறுத்திய மதியச் சொட்டு அதற்குப் பிறகு ஒழுங்காகத் திரும்பவே இல்லை. மூன்று வருஷம் கழித்து, பெருநாளில் மக்ரூத் இனிப்புத் தட்டை நீட்டினேன். அவர் கை தட்டுக்குப் பக்கத்தில் காற்றில் துழாவியது. டாக்டர் கடிந்துகொண்டபோது "மறந்துட்டேன் டாக்டர்" என்றார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். வாயைத் திறந்தேனா?

இதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

கோதுமையை முழுக்கப் பொறுக்கி முடித்தாள். பிறகு, "மறதிக்காரக் கழுதைன்னு சாகுற வரைக்கும் அவரைக் கேலி பண்ணினேன். நீயும் கூட உக்காந்து சிரிச்ச" என்றாள். மருந்துப் பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

மார்ச் 12

முதல் நோன்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னப் புட்டி நேற்றோடு தீர்ந்தது; இன்று புதுப் புட்டி, அதே இருபது நாள் புட்டி, பிரிக்க வேண்டிய நாள். மதியம் கதவு மூடியே இருந்தது. நோன்பு திறக்கக் கஞ்சிக் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 15

மதியம் அவள் கதவில் காது வைத்து நின்றேன். என்ன கேட்கும்? சொட்டு விழுகிற சத்தமா? பைத்தியக்காரி.

மார்ச் 22

கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் கை வைத்து, படுக்கையறையிலிருந்து குழாய் வரை நடந்து பார்த்தேன். கறை இருக்கும் உயரத்துக்கே கை போயிற்று. பாதியில் கண்ணைத் திறந்துவிட்டேன். என்னால் திறக்க முடிந்தது.

மார்ச் 29

பேச்சில்லை.

மார்ச் 31, ஞாயிறு

இருபதாவது நோன்பு. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தால் குழாய்த் திட்டில் புட்டி. எடுத்துக் குலுக்கினேன். சத்தமில்லை. கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை. இருபது நாள், மூன்று வேளையும்.

அவள் அறைக் கதவு திறந்திருந்தது. நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் புதுப் புட்டி. "கை நடுங்குது. வந்து போடு. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத" என்றாள்.

போட்டேன். கண்ணை மூடினாள். மூக்கோரத்தில் நானே விரல்களை வைத்து நூற்று இருபது வரை எண்ணினேன். ஹாதிக்கும் இதே மாதிரி மேடான மூக்குத் தண்டு.

"கசக்குதா?" என்றேன்.

"இல்ல."

அவ்வளவுதான். ஹாதிக்கும் அவ்வளவேதான் தேவைப்பட்டிருக்கிறது.