காதர் மூஞ்சியில் வீச ஒரு கோல்ஃப் அட்டை

பிப்ரவரி 2, ஞாயிறு

காலை ஏழுக்கே வெயில் ஆணி அடிக்கிறது. கடல் காற்று. கெமிக்கல் வாடை குறைவு, கருவாட்டு வாடை கூடுதல்.

இன்றோடு காதரிடம் பேச்சு இல்லை. அடுத்த ஜென்மத்திலும் இல்லை. எங்கள் மதத்தில் அடுத்த ஜென்மம் கிடையாது, அவன் மதத்திலும் கிடையாது. இருந்தாலும் இல்லை.

நடந்தது: திருவொற்றியூர் தாண்டி, மூடிப்போன ஆலையின் பின்பக்கப் பொட்டல். எங்கள் உலகப் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானம். ஐந்து குழி, ஐந்தும் பெயின்ட் டப்பா. புல் என்று பார்த்தால் மொத்தம் பதினோரு தாள், நான் எண்ணியிருக்கிறேன். மூன்றாவது குழி. என் பந்து கரித்தூளில் போய் உட்கார்ந்தது. அடித்தேன். பறந்தது. அதைப் பார்த்து விம்கோ நகர் மெட்ரோ ஒரு நொடி நின்றிருக்கும்.

"அஞ்சு அடி" என்றேன்.

நோட்டில் எழுதுகிறவன் காதர். தலை நிமிராமல்: "அஞ்சு இல்ல மாமு. காலால தள்னியே, அதுக்கு ரெண்டு. ஏழு."

அதுவும் யார் முன்னால்? பேங்க்கில் ரிட்டயர் ஆகிப் போன மாதம்தான் எங்களோடு சேர்ந்த புது ஆள் முன்னால். "காலாலயா?" என்றார் அவர், கள்ளநோட்டைப் பிடித்த குரலில்.

"நீ பாத்தியா பாய்?" என்றேன் காதரிடம்.

"பாத்தேன்."

"எத்தினி தபா பாத்த?"

"எப்பவுமே பாக்குறேன்."

இருபத்திரண்டு வருஷப் பழக்கம். முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான். முட்டைக் கூடை மேல் யானையை இறக்கச் சொன்னாலும் மஞ்சள் கரு கலங்காமல் இறக்குவேன். என்னைத் திருடன் என்கிறான், கல்மண்டபத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவன்.

மட்டைகளை வாரிக்கொண்டு வந்துவிட்டேன். அவை ஒரு கிரேக்கக் கப்பல்காரர் எனக்குத் தந்துவிட்டுப் போனவை. காதர் தந்ததல்ல.

தீர்மானம்: மலை மேல் ரிசார்ட். தன்னந்தனியாக. நிஜப் புல், பதினெட்டுக் குழி. குறைய அடிப்பவனே கெட்டிக்காரன்; நூறு அடிக்குள் முடிப்பது. அந்த அட்டையைக் கொண்டுவந்து காதர் மூஞ்சியில் வீசுவது.

பிப்ரவரி 4, செவ்வாய்

பனிமூட்டம், எட்டு மணி வரை. முழங்கால் வலி.

ரிசார்ட்டுக்கு போன்.

"எத்தனை பேர் சார்?"

"ஒருத்தன்."

"கூட வர்றவங்க?"

"யாரும் வர மாட்டாங்க. அதுக்குத்தான் வர்றேன்."

ஒற்றை ஆளுக்கு எல்லாக் குழுவும் போன பிறகு கடைசி இடமாம், பதினொன்று நாற்பதுக்கு. "வேற குரூப்போட சேர்த்து விடட்டுமா சார்?" சேர்க்காதே என்றேன். சேர்ந்து பட்டது போதும்.

மூட்டை: மட்டை 7. ஸ்வெட்டர். பிரஷர் மாத்திரை. சாக்கு 1. பந்து 19. அதில் காதர் கொடுத்த நான்கைத் தனியாக எடுத்து வைத்தேன். பிறகு சேர்த்துக்கொண்டேன். பந்து என்ன பாவம் செய்தது.

லூர்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டே: "தனியா போயி அங்க யாராண்ட சண்ட போடுவ?" முப்பத்தைந்து வருஷ மனைவியின் வழியனுப்பு.

பிப்ரவரி 7, வெள்ளி

வந்து சேர்ந்தாகிவிட்டது. குளிர். பல் தானாகத் தந்தி அடிக்கிறது.

தனியே போகிறவன் கவனத்துக்கு (அதாவது எனக்கே, மறுபடி புத்தி கெட்டால்):

மட்டைப் பையைத் தார்ப்பாயில் சுற்றாதே. சென்ட்ரலில் போலீஸ்காரர் தட்டிப் பார்த்து, "உள்ள இன்னா, நாதஸ்வரமா?" கோல்ஃப் என்றேன். நாதஸ்வரம் என்றிருந்தால் விட்டிருப்பார். பிரிக்க வைத்தார். தார்ப்பாய் காதர் கடைச் சரக்கு, முடிச்சும் அவன் சொல்லிக்கொடுத்த முடிச்சு. அவிழ இருபது நிமிஷம். அங்கேயும் அவன்தான் எதிரி.

கட்டில் மேல் டவலில் செய்த இரண்டு அன்னம், மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு. சுற்றி ரோஜா இதழ். ஒன்றைத் தூக்கி நாற்காலியில் போட்டேன். தனியாக வந்தவன் அறையில் என்ன கொஞ்சல்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு. "மேடம் வருவாங்களா சார்?" பரிமாறும் பையன் காலையில் கேட்டான். மதியம் கேட்டான். சாயங்காலம் டீக்குக் கேட்டான். "மேடம் ராயபுரத்துல சங்கரா மீன் தின்னுகினு கீறாங்க" என்றேன். எழுதிக்கொண்டான்.

பெரிய இடி: அட்டையில் இரண்டு கையெழுத்து வேண்டுமாம். ஆடியவர், கூட இருந்து பார்த்தவர். பார்த்தவர் இல்லாத அட்டை வெறும் காகிதம் என்று வரவேற்பறைப் பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறது. தனியாக வருகிறவனை எவன் பார்ப்பான்? இதை முன்னாலேயே சொல்ல ஒரு மடையனும் இல்லை. இத்தனை மலை ஏறி வந்து, காதரிடம் காட்ட வெறும் காகிதம்.

பிப்ரவரி 8, சனி

வெயில் உண்டு, சூடு இல்லை. மலைக்காரர்கள் வெயிலிலும் கலப்படம் செய்கிறார்கள்.

வரிசையாக எழுதிவிட வேண்டும்.

முதல் குழி. எங்கள் பொட்டலில் குழியைச் சுற்றி மணலும் கழிவு எண்ணெயும். கடைசியாகப் பந்தை உருட்டுவதற்கு முன் சாக்கை இழுத்து மணலைச் சமப்படுத்துவோம். ஆட்டத்துக்கு அது மரியாதை. இங்கே குழியைச் சுற்றிப் பட்டுப் புடவை போல் புல். நான் மரியாதை தெரிந்தவன். சாக்கை எடுத்தேன், உதறினேன், குறுக்கே ஓர் இழுப்பு.

விசில். புல்தரைப் பொறுப்பாளர் ஒருவர் பள்ளத்திலிருந்து ஓடி வந்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு.

"சார், கொழந்த கன்னம் மாதிரி வச்சிருக்கேன் சார். சாக்கப் போட்டுத் தேய்க்கிறீங்களே."

சாக்கு பறிமுதல். இனி என்னைத் தனியாக விட மாட்டார்களாம். மட்டை தூக்கும் கேடி ஒருத்தி கூடவே வருவாள் என்று உத்தரவு. பெயர் செல்வி. நாற்பது வயது இருக்கும், குரங்குக் குல்லா, பேச்சே இல்லை. கொதித்தேன். பிறகு தோன்றியது: பார்த்தவர் கையெழுத்துக்கு ஆள் கிடைத்தாயிற்று.

ஆட்டம்: அகில உலகமும் பயப்படும் மணல் பள்ளம் எனக்குத் தாய்வீடு. மூன்று தடவை விழுந்தேன், மூன்று தடவையும் கொடி பக்கத்தில். "மணல்ல இப்படி யாரும் அடிச்சுப் பாத்ததில்ல சார்" என்றாள் செல்வி. எங்களுக்குப் புல்தானம்மா ஆபத்து என்றேன். புல்லில் பட்ட பாட்டை எழுதவில்லை.

பதினெட்டாவது குழி முடிந்தது. கூட்டினேன். தொண்ணூற்றொன்பது. மறுபடி கூட்டினேன். தொண்ணூற்றொன்பது. காதர் மூஞ்சி கண்ணுக்குத் தெரிந்தது, அட்டை அதில் ஒட்டியிருந்தது.

செல்வியிடம் பென்சிலை நீட்டினேன். வாங்கவில்லை.

"தொண்ணூத்தொம்பது இல்லீங்க சார்."

"பின்ன?"

"காலுக்கு நீங்க எழுதல."

மலை ஒரு சுற்று சுற்றி நின்றது.

"ஏழு, ஒம்பது, பன்னண்டு, பதினஞ்சு. நாலு எடத்துல பந்த காலால நகத்தினீங்க. ஒண்ணொண்ணுக்கும் ரெண்டு சார்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"பெரிய ஆளுங்க நிறைய பேர் பண்ணுவாங்க சார். அந்த நேரம் நாங்க மரத்தப் பாத்துக்குவோம். கையெழுத்துன்னு கேட்டதால சொன்னேன்."

திட்டத் திறந்த வாய். அதற்குள் அவளே சொன்னாள்: "ஆனா அவங்க மொதல்ல சுத்திமுத்திப் பாப்பாங்க. நீங்க பாக்கல. உங்களுக்கே தெரியலீங்க சார்."

நம்பவில்லை. ஒரு பந்தைத் தூக்கி நீளப் புல்லில் போட்டு, மட்டையைப் பிடித்து நின்றேன். குனிந்து என் காலையே பார்த்தேன். வலது ஷூவின் நுனி முன்னால் போயிற்று. தட். தட். பந்து நல்ல இடத்துக்கு நகர்ந்தது.

எனக்குத் தெரிந்த தட்டல் அது. கிரேனில் பாரம் தரையைத் தொட அரை அடி இருக்கும்போது கால் பிரேக்கைத் தட்டித் தட்டி இறக்க வேண்டும். முப்பத்தோரு வருஷம் அந்தக் கால் அதைத்தான் செய்தது. எனக்கு ரிட்டயர்மென்ட் வந்தது, காலுக்கு எவனும் சொல்லவில்லை. என் உடம்பிலேயே சோறு தின்றுகொண்டு காதருக்கு வேலை பார்த்த கால்.

99 + 8 = 107. எழுதினேன். செல்வி கையெழுத்துப் போட்டாள், அழகாக, முழுப் பெயரும்.

இப்போது அறையில். நாற்காலியில் தனி அன்னம் என்னையே பார்க்கிறது. கோபம் ஆறவில்லை, அது இன்னும் காதர் மேல்தான்; காரணம்தான் மாறிவிட்டது. எப்பவுமே பார்க்கிறேன் என்றானே. அப்படியானால் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு, என்மேல் இரக்கப்பட்டிருக்கிறான். முதல் நாளே திருடன் என்று சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஊர். புழுக்கம். ரயிலில் தூக்கமில்லை. வீட்டில் பையை வைத்தேன், நேராகக் கல்மண்டபம்.

காதர் கடையில் கயிறு அளந்துகொண்டிருந்தான். அட்டையை வீசினேன். மூஞ்சிக்குப் போகவில்லை, கயிற்றுச் சுருளுக்குள் விழுந்தது. அவனே எடுத்துக் கண்ணாடியைப் போட்டான்.

"நூத்தியேழா? நூறுக்குள்ளன்னு லூர்து சொல்லிச்சே."

"காலுக்கு எட்டு."

ஸ்டூலை என் பக்கம் தள்ளினான். உட்காரவில்லை.

"இத்தினி வருஷமா பாத்துகினு இருந்தியே பாய், ஏன் சொல்லல?"

"சொன்னா பேஜாரு பண்ணுவ. தோ, பண்றல்ல."

"அப்ப அன்னிக்கி மட்டும் எதுக்கு சொன்ன? அந்த பேங்க்கார் எதிர்ல?"

கயிற்றை வெட்டிச் சுருட்டினான். "அவரும் பாத்துட்டாரு மாமு. வாயத் தொறக்கப் போனாரு. அவரு சொன்னா நீ திருடன். நான் முந்திகினு சொன்னா, தோஸ்து எதுனா சொல்லிட்டான்னு பூடும்."

நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்திக்கொள்கிறான், பாவி. இதற்கும் கோபம்தான் வந்தது.

"டீ சொல்லு" என்றேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மேகம். வெயில் இல்லை. பூசை ஐந்தரைக்கு, பொட்டல் ஏழுக்கு. புதுச் சாக்கு காதர் கொண்டுவந்தான்.

மூன்றாவது குழி. மறுபடி கரித்தூள். வலது காலைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றேன். அசையாதே என்று உத்தரவு வேறு. தட். தட்.

பேங்க்கார் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. காதர்? தூரத்தில் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதில் படம் ஓடுகிறமாதிரி. பழைய வேலையை ஆரம்பித்துவிட்டான்.

"இன்னா பாய் அங்க பாக்குற? அடி அஞ்சு. காலுக்கு ரெண்டு. எழுது."

"காலாலயா?" என்று பேங்க்கார் நிமிர்ந்தார்.

"ஆமா சார். காலாலதான். கேட்டுக்கினியா?"

காதர் பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினான். ஏழு.