சுல்தானின் அம்மாவுக்கு யார் குரல்

நவம்பர் 11, செவ்வாய்

எழுந்ததும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். பிறகுதான் பால், அடுப்பு எல்லாம். தூறல். தொண்டை பரவாயில்லை.

ஐயப்பன்தாங்கல் டிப்போவில் ஏறியதால் ஜன்னலோரம். ஒன்பதரைக்கு டப்பிங் தியேட்டர். துருக்கித் தொடர், எபி. 110. விலைக்கு வாங்கிய அடிமையாகக் கதாநாயகி அரண்மனைக்குள் வந்த நாளிலிருந்து அவளுக்கு என் குரல்தான். சுல்தானின் ஆசைநாயகி ஆனாள். பிள்ளை பெற்றாள். சுல்தான் செத்ததும் பழைய அரண்மனைக்கு விரட்டிவிட்டார்கள். இப்போது அவள் பிள்ளைக்குப் பட்டம்.

மதியம் டைரக்டர் சேகர் சார் கூப்பிட்டார். "இனிமே அவ சுல்தானோட அம்மா. நீங்களே பேசுனா அப்புறம் எல்லாரும் உங்கள அம்மா வேஷத்துக்குத்தான் கூப்பிடுவாங்க மேடம். புதுசா ஒரு ஆசைநாயகி வர்றா, சின்னப் பொண்ணு. அது வேணும்னா எடுத்துக்கங்க, அம்மாவுக்கு வேற ஆள் போட்டுக்கறேன்." வெள்ளிக்குள் பதில்.

வாங்க: அதிமதுரம், எலுமிச்சை, இவர் சட்டைக்குப் பட்டன்.

நவம்பர் 12, புதன்

மழை. வேலை இல்லை. இவர் அம்பத்தூர் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது விஷயத்தைச் சொன்னேன். "அம்மாவா? போன்ல உன்னை இன்னும் காலேஜ் பொண்ணுன்னு நினைக்கிறானுங்க. அதப் போய் விடுவியா?" அவருக்குப் பெருமை. எனக்கும்தான். நாற்பத்தாறு வயது, இருபத்திரண்டு வருடமாகப் பதினெட்டு வயதுக்காரிகளுக்கே பேசுகிறேன்.

கேட் அருகே மீன்காரம்மா. டிவியில் இப்போதுதான் பழைய பகுதிகள் ஓடுகின்றன. "இன்னாம்மா, நேத்து நாடகம் பாத்தியா? அந்தப் பொண்ணு அழுவுது, வயிறு எரியுது." அது நான்தான் என்று சொல்லவில்லை. "ராசா கூப்ட்டா போவணும், வாணான்னா மூலைல குந்தணும். இன்னா பொயப்பு! அவ புள்ள நாக்காலில குந்தட்டும், அப்பால கீது எல்லாருக்கும்!"

சங்கரா அரைக் கிலோ. குழம்பு பிரமாதம்.

நவம்பர் 13, வியாழன்

வெயில். முடிவாகும்வரை அம்மாவுக்கும் நானே. ஊர்வலக் காட்சி. அவள் வண்டியில் புது அரண்மனைக்கு வருகிறாள். வழியெல்லாம் சிப்பாய்கள். சுல்தானே நடந்து வந்து தாய் கையில் முத்தமிடுகிறான்.

முதல் டேக் வீண். "அவன் உங்க புள்ள மேடம். ஏன் பயப்படறீங்க?" என்றார் சேகர் சார். போட்டுக் கேட்டேன். உண்மைதான். சுல்தானிடம் பேசும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு பயந்த மூச்சு. நூற்றுச் சொச்சம் எபிசோடாக ஊறிப்போன பழக்கம். ஆள் மாறியும் மூச்சு மாறவில்லை.

இரண்டாவது டேக். மூச்சை இழுக்கவில்லை. குரலை மேலே தூக்கவும் இல்லை. என் சமையலறைக் குரல். மெதுவாக, கனமாக வந்தது. சவுண்ட் இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "அக்கா, இத இவ்ளோ நாளா எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க?" மூன்றாவது டேக் யாரும் கேட்கவில்லை. நானே இன்னொரு தடவை என்று கேட்டுப் பேசினேன், ஆசைக்கு.

நவம்பர் 14, வெள்ளி

மேகமூட்டம். தோசை. இவர் பட்டனைப் பற்றி மட்டும் கேட்டார், தைத்தாயிற்று.

பத்து மணிக்கு சேகர் சார் கேட்பார். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, இவருக்கும். சின்னப் பொண்ணு யாருக்கோ போகட்டும். சுல்தானின் அம்மா கிழவியாகிச் சாகும்வரை அவளுக்கு நான்தான் பேசுவேன்.