முப்பத்தெட்டு உருளைகள்

பார்மேர், ராஜஸ்தான், பிப்ரவரி 11, மாலை 4.10. பேரிங்கின் ஆயிரம் மணி நேரச் சோதனை ஓட்டம் முடிந்தது. உருளைகள் முப்பத்தெட்டு; கீறல் ஒன்றுகூட இல்லை.

நைனாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அம்மா மாத்திரை போடுகிறாளா? நான் நலம்.

நம் கொல்லையில் போர் போட்டபோது பாறையில் தண்டு சாய்ந்து, பேரிங் நொறுங்கி, ஐந்நூறு அடியில் வேலை நின்றுபோனதே, அந்த மாதிரி பேரிங்கைத்தான் இங்கே திருத்துகிறேன். தண்டைச் சாயவே விடக்கூடாது என்று நான் இறுக்கிச் செய்த முதல் பேரிங் இருநூறு மணி நேரத்தில் உடைந்தது. ஒரு சில்லு கையில் பட்டது. மூன்றே தையல், ஆறிவிட்டது. இரண்டாவதும் உடைந்திருந்தால் என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள்.

இம்முறை வெளிவளையத்தின் உட்புறத்தைக் கிண்ணம்போல் குழித்தேன். தண்டு சாய்ந்தால் உருளைகளும் கூடவே சாயும். வேண்டுமென்றே இரண்டு டிகிரி சாய்த்து ஓட்டினோம். இன்று பிரித்தேன். உருளையில் என் முகம் தெரிந்தது. தொடவே கை வரவில்லை.

கூட வேலை செய்யும் நம் பக்கத்து அனந்தபுரத்துப் பிரசாந்த், "டேய், புதுசு மாத்தி வெச்சிட்டு இன்னா கத வுடற?" என்றான். ஓட்டத்துக்கு முன்பே வளையத்தில் நான் பொறித்திருந்த எண்ணைக் காட்டினேன். இருவரும் தரையில் உட்கார்ந்து உருளைகளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இங்கே எதிலும் புளிப்பு இல்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பிரசாந்திடமே, அவன் திரும்பும்போது, கொஞ்சம் புளி கொடுத்தனுப்புங்கள். அவன் ஊருக்குக் கிளம்ப ஜீப் வந்துவிட்டது.

இனி செய்யப்போவது:

1. இதே பேரிங்கை இரண்டரை டிகிரியில் ஓட்டுவேன்.
2. சித்திரையில் லீவு கேட்பேன்.
3. போர் வண்டியில் இதைப் பொருத்தி நம் கொல்லைக்குக் கொண்டுவருவேன். தண்ணீருக்கு நான் பொறுப்பில்லை. ஐந்நூறு அடியில் வேலை நிற்காது.